மாதிரிக் கையெழுத்து

கையெழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்து வந்திருந்தாள் மரகதவல்லி. பாஸ்புத்தகம், ஆதார் அட்டை, அதன் நகல் இரண்டு, புகைப்படம் நான்கு, மூக்குக் கண்ணாடி, நீலப் பேனா, அது எழுதாமல் போனால் என்று இன்னொரு நீலப் பேனா, பிளாஸ்கில் வெந்நீர். கையிலிருந்த டோக்கனில் நாற்பத்தேழு. வங்கிச் சுவரில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்த எண் இருபத்தொன்பது. பதினெட்டுப் பேர், ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் ஐம்பத்துநான்கு நிமிடம். எந்த நேரத்தையும் மூன்று மூன்று நிமிடமாகக் கிள்ளிப் பார்க்கிற இந்த வழக்கம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வந்தது, அறுபத்தெட்டு வயதாகியும் விடவில்லை. அந்தக் காலத்தில் வெளியூருக்கு ட்ரங்க் கால் என்றால் மூன்று நிமிடம்தான். முடிந்ததும் நடுவில் புகுந்து, "மூணு நிமிஷம் ஆயிடுச்சு, நீட்டிக்கணுமா?" என்று கேட்க வேண்டும். குழந்தை பிறந்த சேதி சொல்லிச் சிரிக்கிறவனிடமும் கேட்க வேண்டும், சாவுச் சேதி கேட்டு மூச்சு வாங்குகிறவளிடமும் கேட்க வேண்டும். கேட்டிருக்கிறாள். திருச்சி எக்ஸ்சேஞ்சில் அவள் ஆபரேட்டர் பதினேழு. லைனில் பெயர் சொல்லக் கூடாது என்பது விதி. "நீங்க யாரு பேசறீங்க?" என்று யாராவது கேட்டால், "ஆபரேட்டர் பதினேழு" என்று சொல்லிவிட்டு அடுத்த லைனுக்குப் போய்விட வேண்டும். தலைக்கு மேலே ஏசியிலிருந்து ஒழுகிய தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சொட்டியது. இரண்டு சொட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு சொட்டு. சே, இங்கேயுமா அந்த இரண்டு புள்ளி.

இரண்டு புள்ளியை அவள் பார்த்து இன்றோடு பன்னிரண்டு நாள். அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கணக்கிலிருந்து தானே பணம் எடுக்க வந்தாள். சிரிப்பாகத்தான் இருக்கிறது, முப்பத்தொன்பது வருஷம் சம்பளம் வாங்கினவள். ஆனால் வாங்கினது யார்? சம்பளம் கவரில் வந்தவரை கவரை அப்படியே அவர் கையில் கொடுத்தாள். வங்கியில் வர ஆரம்பித்த பிறகு அந்தக் கொடுக்கிற வேலையும் மிச்சமாயிற்று. கணவர் தணிகாசலம் பார்த்துக்கொண்டார். நூலகத் துறையில் கணக்கர், அவருக்குத் தெரியாத கணக்கா. பத்து மாதத்துக்கு முன்னால் அவர் போகிறவரை அவளுக்கு இந்த வங்கி என்பது பஸ்ஸில் போகும்போது இடப்பக்கம் வருகிற ஒரு நீலப் பலகை. அன்றைக்கு ஐயாயிரம் ரூபாய்க்குச் சீட்டு எழுதி நீட்டினாள். தோழி ஜெசிந்தா மகளுடைய கல்யாணத்துக்கு மொய் வைக்க. கவுண்டரில் இருந்த பெண், ஷர்மிளா பானு என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது, சீட்டைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி சீட்டைப் பார்த்தாள். "கையெழுத்து ஒத்துப் போகலையேம்மா" என்றாள். "இங்க பாருங்க, நீங்க குடுத்திருக்கிற மாதிரிக் கையெழுத்து" என்று திரையை அவள் பக்கம் திருப்பினாள். மரகதவல்லி. அவள் பெயர்தான். ஆனால் கடைசி எழுத்தின் சுழி மேலே ஏறி, அப்படியே பின்னால் வளைந்து, முதல் எழுத்து வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றது. அடியில் ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. அந்தக் குடையை அவளுக்குத் தெரியும். அந்தக் கோட்டை, அந்தப் புள்ளிகளை, மளிகைச் சீட்டின் அடியில், மகன் முகுந்தனின் ரேங்க் கார்டில், பால்காரன் அட்டையில், எத்தனை ஆயிரம் தடவை. எழுதியிருந்தது அவள் பெயர், எழுதின கை அவர் கை. "கை நடுக்கம்மா, அதான்" என்று சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள்? அவள் கை நடுங்கவில்லை. "பரவாயில்லம்மா, நிறையப் பேருக்கு வர்றதுதான். ஒண்ணு, இந்த மாதிரியே போட்டுக் குடுங்க. இல்லேன்னா கையெழுத்து மாத்தறதுக்கு ஒரு பாரம் இருக்கு, அதை எழுதிக் குடுத்துட்டுப் புதுசா போட்டுக்கலாம்." பாரத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் இரண்டும் செய்து வெளியே வந்தாள்.

முப்பத்தொன்று. அட, இவ்வளவு நேரத்தில் இரண்டே பேர். மொய்க்குப் பணம் இல்லாமல் போயிற்றே, முகுந்தனைக் கேட்டிருக்கலாம், கேட்டால் கொடுப்பான், உடனே கொடுப்பான், "எவ்வளவும்மா, எதுக்கும்மா, யாருக்கும்மா?" என்று மூன்றே மூன்று கேள்விதான் கேட்பான். அந்த மூன்றுக்குப் பயந்து பரணில் இருந்த ஒரு ஹாட் பாக்ஸைத் துடைத்து, வண்ணத்தாள் சுற்றிக் கொண்டுபோனாள். மறுநாள் ஜெசிந்தா போனில் பிடித்துக்கொண்டாள். எக்ஸ்சேஞ்சில் பக்கத்து நாற்காலி, ஆபரேட்டர் பதினெட்டு, இன்னும் அதே குரல். "ஏண்டி மரகதம், உன் வீடு பால் காய்ச்சினதுக்கு நான் குடுத்த ஹாட் பாக்ஸ்டி இது! மூடிக்கு உள்ளாற என் கையால ஜெசிந்தா குடும்பம்னு பெயிண்ட்ல எழுதியிருக்கேன், பாக்கலையா நீ?" சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. இவளுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஜெசிந்தா இருமி முடித்தாள். பிறகு, "ஊரு பூராவுக்கும் லைன் போட்டுக் குடுத்த, உனக்குன்னு ஒரு லைன் போட்டுக்கத் துப்பில்லையேடி. போ, போய் உன் கையெழுத்தைப் போட்டுட்டு வா" என்றாள். போடலாம். எது என் கையெழுத்து என்று அவளிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அந்த நாளை யோசித்து யோசித்துப் பார்க்கிறாள். கணக்கு ஆரம்பித்த நாள். முகுந்தனுக்கு நான்கு வயது, அம்மை போட்டு ஆறியிருந்த சமயம். இரவு டியூட்டி முடிந்து காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, காதில் இன்னும் ஹெட்செட் அழுத்தின வலியோடு, ஜன்னலில் ஈரப் போர்வையைக் கட்டிவிட்டுப் படுத்தவள். பங்குனி வெயிலா? இல்லை, ஈரப் போர்வை என்றால் சித்திரையாகத்தான் இருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல், "மரகதம், பேங்க்ல ஒரு பாரம் குடுத்தான்" என்று. கண்ணைத் திறக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தாள் என்று நினைவு. அவர் உள்ளே வந்து நின்றார், கையில் தாள் இருந்ததா? "சரி சரி, நீ தூங்கு. நான் பாத்துக்கறேன்." கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். தாழ்ப்பாள் நாதாங்கியில் படாமல் விரலைக் கொடுத்துச் சாத்துவார், அந்த அக்கறையை அவள் காது மறக்காது. அப்படியே அடியில்லாத ஒரு தூக்கம். அவ்வளவுதான் நடந்தது. ஒரு மனிதர் தன் பெண்டாட்டி தூங்கட்டும் என்று விட்டார். அதற்குப் பெயர் என்ன? எழுப்பினால் தலைவலி வரும் என்று அவள் பெயரைத் தானே எழுதிவிட்டார். பிறகு ஒவ்வொரு தடவையும் எழுதினார். அவள் விழித்திருந்தபோதும் எழுதினார். ஓய்வு பெற்றபோது வந்த மொத்தத் தொகையை வைப்பு நிதியில் போட்டபோதும் அவரேதான் எழுதியிருக்க வேண்டும். அப்போது அவளுக்கு இரவு டியூட்டி இல்லை, தூக்கமும் இல்லை, டைனிங் டேபிளில் எதிரே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் அவளும் எதெதிலோ கையெழுத்துப் போட்டதாக நினைவு இருக்கிறதே, அந்தத் தாளெல்லாம் எங்கே போயின? ஒத்துப் போகவில்லை என்று வங்கியில் திருப்பிக் கொடுத்து, அவர் வெளியே மரத்தடியில் ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்து மறுபடி எழுதிக் கொடுத்தாரோ? வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. "உன் கையெழுத்து உனக்கே செல்லாதுடி மரகதம்" என்று விளையாட்டாகவாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோபம் வரட்டும் என்று காத்திருந்து பார்க்கிறாள், அது கிளம்பி வரும்போதே நாதாங்கியில் கொடுத்த அந்த விரல் குறுக்கே வந்துவிடுகிறது.

முப்பத்தைந்து. பாஸ்புத்தகம் அச்சடிக்கிற இயந்திரம் கறகறவென்று யாருடைய ஆறு மாதத்தையோ துப்பியது. அது அவர் கைதான் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய், என்று அவளுக்குள்ளேயே ஒருத்தி கேட்டாள். போன வாரம் இரவெல்லாம் அவள்தான் இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு புள்ளி அவருடையது என்கிறாயே, கல்யாணத்துக்கு முன்னால், நிச்சயமானபின் ஆறு மாதம், எக்ஸ்சேஞ்ச் ஹாஸ்டலில் இருந்து நீ அவருக்குக் கடிதம் எழுதினாயே. அதில் பெயருக்கு அடியில் கோடு போட்டு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி வைத்தது யார்? ஒன்று நீங்கள், ஒன்று நான் என்று அசட்டுத்தனமாக ஒரு கடிதத்தில் எழுதியும் இருந்தாய். எழுதினாளா? ஹாஸ்டல் விளக்கு, கொசு, பச்சை மசி, எல்லாம் நினைவு வருகிறது, புள்ளி நினைவு வரமாட்டேன் என்கிறது. அவர் முதலில் வைத்து அதைப் பார்த்து இவள் வைத்தாளா, இவள் வைத்ததைப் பிடித்துக்கொண்டு அவர் ஆயுசு முழுக்க வைத்தாரா? அப்படியானால் திரையில் இருப்பது யாருடையது? அவர் எழுதிய அவளா, அவள் எழுதி அவர் கற்றுக்கொண்ட அவளா? கடிதங்களை எடுத்துப் பார்க்கலாம் என்றால், வெள்ளையடித்த வருஷம் போகியில் பழைய டிரங்குப் பெட்டியோடு போயிற்று. அப்போதும் அவர்தான் கேட்டார், "இதெல்லாம் வேணுமா?" என்று. அவள்தான் அடுப்படியிலிருந்து, "வேணாம், போடுங்க" என்றாள். ஒரு வேளை எல்லாமே அப்படித்தானோ? அவர் கேட்டு, அவள் வேண்டாம் என்று சொன்னதோ? எக்ஸ்சேஞ்ச் வருகைப் பதிவேட்டில் தினமும் போட்டாளே, அதுதான் அசல் என்று எடுத்துக்கொள்ளலாம் என்றால், அது கையெழுத்தே இல்லை. பஸ் விட்டு ஓடி வந்து, நின்ற வாக்கில், சூப்பர்வைசர் சிவப்புக் கோடு கிழிக்கும் முன்னால் கிறுக்கின ஒரு 'ம'. வாலறுந்த ஒரு 'ம'. முப்பத்தொன்பது வருஷம் அந்த ஒரு எழுத்துதான் அவள்.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. முகுந்தன். எடுக்கவில்லை. அடித்து ஓயட்டும். நல்ல பிள்ளை. தினம் காலை பத்தேகாலுக்கு, ஆபீஸில் நுழைகிற நேரத்தில், "மாத்திரை போட்டியா?" என்று கேட்பான். இன்றைக்கு ஒரு மணி நேரம் தாமதம், சென்னையில் டிராஃபிக்காக இருக்கும். அப்பாவுடைய போன் எண்ணைத் தன் போனில் போட்டு வைத்திருக்கிறான். வங்கியிலிருந்து வருகிற சேதியெல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போகும். அவள் ஓய்வூதியம் ஏறியது என்று முதலில் தெரிவது அவனுக்குத்தான். அவன் சொல்லி அவளுக்குத் தெரியும். வீட்டுச் செலவுக்கு அவனே போனில் அனுப்பிவிடுகிறான், மளிகைக் கடைக்கு நேராக, பால்காரருக்கு நேராக, கீரைக்காரிக்குக்கூட நேராக. கீரைக்காரி இப்போதெல்லாம் கீரையைக் கொடுத்துவிட்டு, "தம்பிகிட்ட சொல்லிடுங்க" என்று போய்விடுகிறாள். அவள் கையில் ஒரு பத்து ரூபாய்த் தாளின் அழுக்குப் பட்டு எத்தனை நாளாயிற்று. கையெழுத்து ஒத்துப் போகாத சேதியை அவனிடம் பாதி சொன்னாள், நடுக்கம் என்கிற பாதியை. "நீ எதுக்கும்மா வெயில்ல அலையற? பவர் எழுதிக் குடுத்துரு. நான் பாத்துக்கறேன்" என்றான். அதே சொல். குரலும் அப்பா குரலாகிக்கொண்டு வருகிறது, கடைசி எழுத்தில் கொஞ்சம் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை வருகிறான். திங்கட்கிழமை பத்தரைக்குப் பத்திரப் பதிவு அலுவலகம். அவள் கணக்கு, வைப்பு நிதி, வீடு, எல்லாவற்றுக்கும் அவள் சார்பில் அவனே கையெழுத்துப் போடலாம் என்று ஒரு பத்திரம். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறான், வைப்பு நிதி இருந்தால் முன்பணம் கட்டிவிடலாம். "உன் பேரையும் சேர்த்துத்தாம்மா. உனக்குன்னு ஒரு ரூம்." சரி என்று சொன்னாள். சொன்னது அவள்தானா என்றுகூட இப்போது சந்தேகம், வாய் சொன்னது. வாய்க்கு அந்தச் சொல் வழக்கம். இன்று வெள்ளிக்கிழமை. நாளை இரண்டாம் சனி, வங்கி கிடையாது. ஆகவே அவளுக்கு இருப்பது சுவரில் எரிகிற அந்த எண்ணுக்கும் கையிலிருக்கிற இந்த எண்ணுக்கும் நடுவில் இருக்கிற நேரம்தான். தனக்கென்று ஒரு கையெழுத்து இன்று ஆனால் ஆயிற்று. இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் அதற்குத் தேவையே இருக்காது.

எளிய வழி ஒன்று இருக்கிறது, அதைத்தான் அவள் யாரிடமும், ஜெசிந்தாவிடமும், சொல்லவில்லை. அவர் கையெழுத்தை அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். அவருடைய டைரி, ஜூன் ஒன்பதாம் தேதியோடு நின்று போனது, அதற்குப் பிறகு பக்கமெல்லாம் வெள்ளை. ஜூன் பத்திலிருந்து ஆரம்பித்தாள். பக்கத்துக்கு முப்பது தடவை. முதலில் குடை சாய்ந்தது, புள்ளி தள்ளிப் போயிற்று. ஆகஸ்டுப் பக்கங்களில் சுழி பிடிபட்டது. மணிக்கட்டைத் தூக்காமல் முழங்கையிலிருந்து எழுத வேண்டும், அவர் சாப்பிடுவதே அப்படித்தான், முழங்கையைத் தூக்கிக்கொண்டு. அக்டோபர் பக்கங்களில் எது அவர் கை, எது அவள் கை என்று அவராலேயே சொல்ல முடியாது. எழுதும்போது பக்கத்தில் அவர் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. பயமாகவும் இருந்தது, நிறுத்தவும் மனம் வரவில்லை. இன்றைக்கு அதையே போட்டுவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. பணம் வரும். அவர் பெயர் கெடாது. ஆனால் தன் பெயரைத் தானே எழுதுவதற்கு இன்னொருவரைப் பார்த்து எழுதினால் அது கள்ளக் கையெழுத்தா, நல்ல கையெழுத்தா? மாற்றுகிற பாரத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, 'மாற்றத்துக்கான காரணம்' என்று. அங்கே என்ன எழுதுவாள்? பழையது என்னுடையது இல்லை என்றா? அப்படியானால் யாருடையது அம்மா, என்று கேட்பார்களே. முப்பது வருஷம் எடுத்த பணமெல்லாம் யார் எடுத்தது என்று கேட்பார்களே. போலீஸ் வருமா? செத்தவர் மேல் வழக்குப் போடுவார்களா, ஓய்வூதியத்தை நிறுத்துவார்களா, முகுந்தன் ஆபீஸுக்குக் கடிதம் போகுமா? சுவரில் மாட்டியிருந்த விளம்பரத்தில் ஒரு கிழவரும் கிழவியும் வரிசையான பல்லோடு சிரித்தார்கள். அந்தக் கிழவியின் கையெழுத்தை யார் போடுகிறார்கள் என்று நினைத்தாள். பிளாஸ்கைத் திறந்து ஒரு மிடறு குடித்தாள். நாக்கு சுட்டது.

"டீச்சரம்மா, இந்தச் சீட்டைக் கொஞ்சம் நிரப்பிக் குடுங்களேன்." பக்கத்து நாற்காலியில் எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. வெற்றிலை வாய், மஞ்சள் பூசின முகம், மடியில் சுருக்குப்பை, உடம்பெல்லாம் வெங்காய வாசனை. பாஸ்புத்தகத்தில் செல்லாயி என்று போட்டிருந்தது. "நான் டீச்சர் இல்லம்மா. டெலிபோன்ல வேலை பாத்தேன்" என்றாள் மரகதவல்லி. "அட, அலோ அலோவா! அப்ப நல்லாத்தான் எழுதுவீங்க. எட்டாயிரம் போடுங்க. எழுத்தாலயும் போடணுமாம், எட்டாயிரம் மட்டும்னு. மட்டும்னு போடலேன்னா எவனாவது பின்னால சேத்து எழுதிருவானாம்." எழுதினாள். எட்டாயிரம் மட்டும். அடுத்தவர் சீட்டில் அவள் கை என்ன தெளிவாக ஓடுகிறது. "கையெழுத்து?" என்று கேட்டாள். "கைநாட்டுத்தான்" என்று செல்லாயி இடது கட்டைவிரலை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள். மார்க்கெட்டில் நாற்பது வருஷம் வெங்காயம் ஆய்ந்து வழவழத்துப் போன விரல். "இதுவும் தேஞ்சு போச்சுன்னு போன மாசம் பத்து வாட்டி அமுக்க விட்டான். நான் விடலையே. எம்புருசன் ஒரு வாட்டி என் புஸ்தகத்தைத் தூக்கிட்டு வந்து இதே எடத்துல நின்னாரு, சம்சாரத்துக்கு மேலுக்கு முடியல, நான் வச்சுட்டுப் போறேன்னு. அந்த ஆளு கட்டைவிரலு முந்திரிக்கொட்டையாட்டம் இருக்கும், எங்கிட்டு வெக்கிறது? துப்பிட்டு வெறுங்கையோட வந்தாரு." சொல்லிவிட்டு அவளே குலுங்கிச் சிரித்தாள். "எழுதப் படிக்கத் தெரிஞ்ச உங்களுக்கெல்லாம் இந்தத் தொந்தரவு இல்ல, இல்லம்மா?" மரகதவல்லி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பி.ஏ. இரண்டாம் வகுப்பு, சீதாலட்சுமி ராமசாமி கல்லூரி விழா மேடையில் கவிதை வாசித்தவள், நாலு மாநிலத்து எஸ்.டி.டி. எண்களை மனப்பாடமாக வைத்திருந்தவள். "இல்ல" என்றாள். தொந்தரவு இல்லை என்றாளா, அப்படியில்லை என்றாளா என்று அவளுக்கே விளங்கவில்லை. செல்லாயியின் டோக்கன் நாற்பத்தொன்று. எழுந்து போனாள். அவள் போன இடத்தில் ஒரு வெங்காயச் சருகு கிடந்தது, ஃபேன் காற்றில் அரை வட்டம் அரை வட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

பிறகு மூன்று எண்கள் ஆளில்லாமல் தாண்டிப் போயின. யாரோ காத்திருக்க முடியாமல் போயிருக்கிறார்கள். நேரம் சட்டென்று சுருங்கி, நாற்பத்தேழு என்று எரிந்தபோது அவள் ஒரு முடிவுக்கும் வந்திருக்கவில்லை. கால்கள் போயின. ஷர்மிளா பானுவுக்கு அவளை நினைவிருந்தது. "வாங்கம்மா, கை எப்படி இருக்கு?" என்றாள். பைக்குள் இரண்டு தாள் இருந்தன. ஒன்று பணம் எடுக்கிற சீட்டு, அதில் குடையையும் புள்ளியையும் போட்டால் போதும். இன்னொன்று நாலாய் மடித்த பாரம். எதை எடுக்கிறோம் என்று பார்க்காமல்தான் எடுத்தாள். மடிப்பு விரலில் தட்டியபோதும் அதை மாற்றவில்லை, இதை அவள் பிறகு நிச்சயமாகச் சொல்வாள், மாற்றவில்லை. ஷர்மிளா பாரத்தை விரித்து, பெயர், எண், முகவரி எல்லாம் சரிபார்த்தாள். போன் எண் மாற்றம் என்கிற கட்டத்திலும் டிக் இருந்தது. அதை எப்போது போட்டாள்? நேற்று இரவு போட்டிருப்பாள், மசி அவளுடையதுதான். "காரணம்னு இருக்கிற எடம் காலியா இருக்கேம்மா. வயசாயிடுச்சு, கை நடுக்கம்னு போட்டுருங்க, எல்லாரும் அதான் போடுவாங்க." பேனாவைத் திறந்தாள். கட்டம் சிறியது, ஒரு விரல் அகலம். அதற்குள் அந்தச் சித்திரை மாதக் காலை, ஈரப் போர்வை, நாதாங்கி, அவரைக்காய், எல்லாம் அடங்க வேண்டும். 'இதுவரை நான் போடவில்லை' என்று எழுதினாள். ஷர்மிளா படித்தாள். நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். மறுபடி படித்தாள். வயது இருபத்தேழு, இருபத்தெட்டு இருக்கும், கழுத்தில் புதுக் கருகமணி. பக்கத்துக் கவுண்டரை ஒரு கணம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "அம்மா, இப்படி எழுதினா மேலேர்ந்து கேள்வி வரும். விளக்கம் கேட்டு லெட்டர் போடுவாங்க. நீங்க வந்து பதில் சொல்ல வேண்டி இருக்கும்." அவள் குரலில் பயமுறுத்தல் இல்லை. அதனாலேயே கூடுதலாகப் பயமாக இருந்தது. "வருவேன்" என்றாள் மரகதவல்லி. என்ன பதில் சொல்வாள் என்று அவளுக்குத் தெரியாது. தூங்கிக்கொண்டிருந்தேன் என்பாள். அது பொய்யில்லை.

"சரி, அப்ப இங்க கையெழுத்துப் போடுங்க. மூணு கட்டத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும்." மூன்று கட்டம். ஒன்றுக்கே வழி தெரியவில்லை. பேனா முனை தாளில் பட்டதும் முழங்கை தானாகத் தூக்கிக்கொண்டது, டைரிப் பழக்கம். குடைக்குத் தயாராகிறது. முழங்கையை மேஜையில் அழுத்தி வைத்தாள். ம. அது வாலறுந்த 'ம'வாக வந்தது. ஓடி வந்த 'ம', சிவப்புக் கோட்டுக்குத் தப்பின 'ம'. அதற்குப் பிறகு எழுதிப் பழக்கமில்லாத இடம். ரகத என்று ஒவ்வொன்றாக வைத்தாள், இருட்டில் படியிறங்குகிற மாதிரி, கால் பட்ட பிறகு அடுத்தது. வல்லி. கடைசிச் சுழி மேலே ஏறிற்று, பின்னால் வளையப் பார்த்தது, வளையவில்லை, அங்கேயே நின்றுவிட்டது. கோடு போடவில்லை. புள்ளி வைக்கவில்லை. வைக்காத இடத்தை ஒரு நொடி பார்த்தாள். இரண்டாவது கட்டத்தில் எழுத்துகள் சாய்ந்தன. மூன்றாவதில் 'த' குண்டாகிப் போயிற்று. மூன்றும் மூன்று பேர் மாதிரி இருந்தன. வேர்த்துவிட்டது. "ஒரே மாதிரி வரலையே" என்றாள், பரீட்சைத் தாளை நீட்டுகிற பெண் மாதிரி. ஷர்மிளா தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு மூன்றையும் பார்த்தாள். ஆற அமரப் பார்த்தாள். "பரவாயில்லம்மா. ஒரே ஆள் போட்டதுன்னு தெரியுது" என்றாள். முத்திரை குத்தினாள். ஸ்கேனரில் பச்சை வெளிச்சம் இடமிருந்து வலமாக அவள் பெயரின் மேல் நடந்து போயிற்று. "பழைய நம்பருக்கு ஒரு மெசேஜ் போகும், அது வழக்கமா போறதுதான். திங்கக்கிழமைக்குள்ள புது நம்பருக்கு மாறிடும்." மெசேஜ் என்ற சொல் காதுக்குள் போய் இடம் தேடி உட்காரும் முன்னாலேயே கைப்பை அதிர ஆரம்பித்துவிட்டது.

கண்ணாடிக் கதவுக்கு அருகில் போய் நின்றாள். இழு என்று எழுதியிருந்தது, அன்றைக்குக் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. போனை எடுத்துக் காதில் வைத்தாள், பழைய வழக்கப்படி இடது காது. "அம்மா, போனை ஏம்மா எடுக்க மாட்டேங்கற? பயந்தே போயிட்டேன்." முகுந்தனுக்கு மூச்சு இரைத்தது, படியில் நின்று பேசுகிறான் போல, எதிரொலி இருந்தது. "பேங்க்லேர்ந்து மெசேஜ் வந்திருக்கு. யாரோ உன் கையெழுத்தை மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காங்க. நம்பரையும் மாத்தறாங்க. ஏதோ ஏமாத்து வேலை, இப்பல்லாம் வயசானவங்களைக் குறி வச்சு இப்படித்தான் பண்றாங்க. நீ பதறாத. எதுலயும் கையெழுத்துப் போட்டுறாத. நான் பேங்குக்குப் போன் பண்ணி நிறுத்தச் சொல்றேன். நான் பாத்துக்கறேன்." கடைசி எழுத்தில் இறங்குகிற குரல். அவளுக்கு அவனை அணைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, போனை அணைத்துவிட வேண்டும் போலவும் இருந்தது. சரி என்ற சொல் நாக்கின் நுனிக்கு வந்து நின்றது, வழக்கமான சொல், வழவழவென்று. அதை விழுங்கினாள். "அம்மா? அம்மா, கேக்குதா? யாரு பேசறது, அம்மாதானே?" என்றான் அவன், லைன் சரியில்லை என்று நினைத்து. வாளியில் இரண்டு சொட்டு விழுந்தது. "மரகதவல்லி பேசறேன்" என்றாள். அந்தப் பக்கம் சத்தமில்லை. சத்தமில்லாததில் எத்தனை வகை என்று அவளுக்குத் தெரியும், அறுந்த லைன் ஒரு மாதிரி இருக்கும், ஆள் இருக்கிற லைன் வேறு மாதிரி இருக்கும். காதை அழுத்திக் கேட்டாள். ஆள் இருக்கிறான். மூன்று நிமிடமாகட்டும், ஆறு நிமிடமாகட்டும், நடுவில் புகாமல், துண்டிக்காமல், அவன் பேசட்டும் என்று கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தாள்.